காட்டிலிருந்து காட்டுக்கு

சாத்தூர் வட்டாரத்துக் கிராமங்களில் ஒரு வீட்டு வாசலில் நின்று "அப்பா எங்கே?" என்று கேட்டால், "காட்டுக்குப் போயிருக்கார்" என்று பதில் வரும். பயந்துவிடாதீர்கள். அவர் யானையும் சிறுத்தையும் திரியும் காட்டுக்குப் போகவில்லை. பருத்திக்குக் களை எடுக்கவோ, உளுந்துக்குக் காவல் இருக்கவோ போயிருக்கிறார். கரிசல் பூமியில் காடு என்றால் வானம் பார்த்த நிலம். மரங்கள் அடர்ந்த காட்டுக்கு இங்கே வேறு பெயர் உண்டு. அதை "மலை" என்பார்கள்.

இந்தக் காட்டிலிருந்து அந்தக் காட்டுக்குச் சைக்கிளில் போய் வரலாம் வாருங்கள். புறப்படும் இடம் அச்சங்குளம். ஏழாயிரம்பண்ணைப் பக்கத்தில் உள்ள சிறிய ஊர். அங்கிருந்து வெம்பக்கோட்டை, சிவகாசி, மல்லி, ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துச் செண்பகத்தோப்பு வரை போகப் போகிறோம். ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று முன்னே பின்னே இருக்கும். அம்புக்குறி போட்ட சுற்றுலாப் பாதை ஒன்றும் இல்லை. மக்கள் நாள்தோறும் வேலைக்கும் சந்தைக்கும் போகிற சாதாரணச் சாலைகள்தாம். பதினோராம் வகுப்பில் அரசு தரும் விலையில்லாச் சைக்கிளே போதும். ஒரே மூச்சில் போக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளலாம். பெரியவர் ஒருவர் உடன் வருவது அவசியம்.

எப்போது போவது? தை மாதம் என் தேர்வு. வடகிழக்குப் பருவமழை முடிந்து கண்மாய்களில் தண்ணீர் நிற்கும். காட்டில் பயிர் நிற்கும். தொலைதூரத்திலிருந்து வந்த பறவைகளும் இன்னும் ஊர் திரும்பியிருக்க மாட்டா.

முதலில் மண்ணைப் பாருங்கள். மழைக்காலத்தில் இந்தக் கரிசல் வண்டிப்பாதையில் சைக்கிளை இறக்கியவர்களுக்கு ஒன்று தெரியும். பத்துச் சுற்று சுற்றுவதற்குள் டயரில் களி அப்பி, மட்கார்டுக்குள் அடைத்து, சக்கரம் நின்றுவிடும். பிறகு சைக்கிள் உங்களைச் சுமக்காது. நீங்கள்தான் அதைத் தோளில் சுமக்க வேண்டும். அதே பாதை சித்திரை மாதத்தில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். முன்சக்கரம் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு வெடிப்புகள் இருக்கும்.

ஒரே மண் இப்படி இரண்டு வேஷம் போடுவது ஏன்? கரிசல் மண்ணில் மாண்ட்மோரில்லனைட் வகைக் களிமண் மிகுதி. இதன் நுண்ணிய துகள் ஒவ்வொன்றும் புத்தகத்தின் தாள்களைப் போல அடுக்கடுக்காக அமைந்தது. மழை பெய்தால் தண்ணீர் அந்த அடுக்குகளின் இடையே நுழைந்து அவற்றை விலக்குகிறது, மண் உப்புகிறது. வெயிலில் தண்ணீர் வெளியேறியதும் அடுக்குகள் நெருங்கி, மண் சுருங்கி வெடிக்கிறது. சில வெடிப்புகள் ஒரு மீட்டர் ஆழம்கூடப் போகும். மேல்மண் காற்றில் சரிந்து அவற்றுள் விழும்; அடுத்த மழையில் வெடிப்பு மூடிக்கொள்ளும். மேல்மண் கீழே போய்க் கலந்துவிடுகிறது. அதாவது இந்த நிலம் தன்னைத் தானே கொஞ்சம் உழுதுகொள்கிறது! ஐப்பசி, கார்த்திகையில் குடித்த தண்ணீரைக் களிமண் பிடித்து வைத்திருப்பதால்தான், கிணறு இல்லாத காட்டிலும் தை வரை பயிர் நிற்கிறது. வெடிப்புகளும் வீண் அல்ல. ஓணான், தேரை, பாம்பு எல்லாவற்றுக்கும் அவை கோடைக்கால வீடு.

இங்கே சைக்கிளுக்கு இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று சீமைக்கருவேல முள். இரண்டாவது நெருஞ்சி. நெருஞ்சிக் காய் முதிர்ந்ததும் ஐந்து துண்டுகளாக உடையும். ஒவ்வொரு துண்டிலும் கூரான முட்கள் உண்டு. எப்படி விழுந்தாலும் ஒரு முள்ளாவது மேல்நோக்கி நிற்கும்படி அமைப்பு இருக்கிறது. ஆட்டின் குளம்பில் குத்தி ஊர்விட்டு ஊர் போவதற்குச் செடி செய்துகொண்ட ஏற்பாடு அது. சைக்கிள் டயர் அதற்குப் பிற்காலத்தில் கிடைத்த இன்னொரு வாகனம். நமக்குப் பஞ்சர், அதற்குப் பயணம்.

டயரில் காற்று எவ்வளவு வேண்டும் என்பதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பின்சக்கரத்தின் மேல் 40 கிலோ எடை அழுத்துவதாகக் கொள்வோம். காற்றின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோ என்றால், டயர் தரையைத் தொடும் பரப்பு 40-ஐ 3-ஆல் வகுக்க, சுமார் 13 சதுர சென்டிமீட்டர். ஒரு தீப்பெட்டியின் முகத்தைவிடச் சிறியது. உங்கள் முழுப் பயணமும் இப்படி இரண்டு தீப்பெட்டி அளவு ரப்பரின் மேல்தான் நடக்கிறது. அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்தால் பரப்பு இரட்டிப்பாகும். அதனால்தான் தார்ச் சாலையில் காற்றை இறுக்கி அடிக்கிறோம். புழுதிப் பாதையில் கொஞ்சம் இளக்கி விடுகிறோம்.

கரிசல் காட்டில் என்ன பிராணி இருக்கும் என்று நினைப்பீர்கள். மின்கம்பியைப் பார்த்துக்கொண்டே மிதியுங்கள். சாம்பல் பழுப்பு நிறத்தில் ஒரு பறவை கூனிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அழகு ஒன்றும் தெரியாது. சட்டென்று கீழே பாயும்போது சிறகை விரிக்கும் பாருங்கள், அப்படி ஒரு நீலம்! அதுதான் பனங்காடை. பட்டுப்போன பனையின் பொந்தில் கூடு வைப்பதால் பனையோடு அதற்கு உறவு. மொட்டைப் பனைதானே என்று வெட்டும்போது ஒரு குடும்பத்தின் வீடு போகிறது. பக்கத்துக் கம்பத்தில் இரட்டைவால் கரிச்சான் இருக்கும். முள்மரத்தில் கீச்சான். வரப்பில் கௌதாரி. மயில் ஏராளம். குறுக்கே ஓடும் கீரியையும் பார்க்கலாம்.

இன்னொரு விருந்தாளியைக் குறிப்பாகத் தேடுங்கள். பயிருக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில், சிறகுகளை ஆங்கில 'வி' எழுத்துப் போலச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு, மிதப்பது போல ஒரு பருந்து போகும். அது பூனைப்பருந்து. மத்திய ஆசியாவின் புல்வெளிகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைத் தென்தமிழகத்துக் கரிசல் வெளிகளில் கழிக்க வருகிறது. விஞ்ஞானிகள் இப்பறவைகளின் முதுகில் சிறு கருவி பொருத்திச் செயற்கைக்கோள் மூலம் தொடர்ந்தபோது, கஸகஸ்தான் வரை அவை போய் வருவது தெரிந்தது. இங்கே அவற்றுக்கு முக்கிய உணவு வெட்டுக்கிளி. இரவில் மரத்தில் தங்குவதில்லை; தரையில், புல்லுக்குள் கூட்டமாகப் படுக்கின்றன. ஆகவே "தரிசு" என்று நாம் ஒதுக்கும் புல்வெளி அவற்றின் படுக்கை அறை. அதில் தீ வைத்தால், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த பறவைக்குப் படுக்க இடமில்லை.

இத்தனையையும் பார்ப்பதற்குச் சைக்கிள்தான் ஏற்ற வாகனம். பஸ்ஸில் போனால் எதுவும் கண்ணில் நிற்காது. நடந்தால் கௌதாரி நம்மைக் கண்டு முன்பே பறந்துவிடும். சைக்கிளோ சத்தமில்லாதது. ஆனால் அதில் ஒரு சங்கடமும் உண்டு. நாம் வருவது தெரியாமல் இருந்த பிராணி, அருகில் வந்ததும் திடுக்கிடும். திருப்பங்களில் மெதுவாகப் போங்கள்.

வழியில் தனித்தனியாகச் சிறு அறைகள், நடுவே வெறுமையான இடம், சுற்றிலும் வேலி என்று ஓர் அமைப்பை அடிக்கடி காண்பீர்கள். பட்டாசு ஆலைகள். ஏன் ஒரே பெரிய கட்டடமாகக் கட்டவில்லை? ஓர் அறையில் விபத்து நேர்ந்தால் அடுத்த அறைக்குப் பரவக் கூடாது என்பதற்காகவே இந்த இடைவெளி. வெடியுப்பு, கந்தகம், அலுமினியத்தூள் முதலியவற்றைக் கலக்கும்போது ஓர் உராய்வு, ஒரு பொறி போதும். வெடியுப்பு தன்னுள்ளேயே ஆக்சிஜனை வைத்திருப்பதால், எரிவதற்கு வெளிக்காற்றுக்காகக் காத்திருப்பதில்லை. கண்ணிமைப்பதற்குள் எல்லாம் எரிந்து, சூடான வாயு நாலா பக்கமும் தள்ளுகிறது. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் ஒரு பட்டாசு ஆலையில் நிகழ்ந்த வெடிவிபத்தில் இருபதுக்கு மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். காலையில் தூக்குச்சட்டியோடு நம்மைப் போல இதே சாலையில் போனவர்கள். ஆலைகளின் அருகில் நிற்காதீர்கள். அடுப்பு மூட்டாதீர்கள். வேலிக்குள் எட்டிப் பார்ப்பதும் வேண்டாம்.

சரி, பட்டாசும் தீப்பெட்டியும் ஏன் இந்த ஊர்ப்பக்கம் வந்து சேர்ந்தன? அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் 1922-ல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள் என்பது வரலாறு. ஆனால் கற்று வந்த தொழில் இங்கே வேர் பிடித்ததற்கு வெயிலும் ஒரு காரணம். மருந்தும் காகிதக் குழலும் காய வேண்டும், ஈரம் ஆகாது. விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழைதான். இந்த வறட்சியை உண்டாக்குவது எது தெரியுமா? மேற்கே நீலக்கோடு போலத் தெரிகிறதே, அந்த மலை! தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வந்து மலைமேல் ஏறுகிறது. ஏறும்போது குளிர்ந்து, கேரளப் பக்கமே மழையைக் கொட்டிவிடுகிறது. பிறகு இந்தப் பக்கம் இறங்கும்போது 100 மீட்டருக்கு ஏறக்குறைய 1 டிகிரி வீதம் சூடாகிறது. நமக்கு வந்து சேர்வது ஈரமற்ற வெறுங்காற்று. அதைத்தான் மழைமறைவுப் பிரதேசம் என்று பூகோளப் பாடத்தில் படிக்கிறீர்கள். மானாவாரிப் பயிர் பொய்த்தபோது, சம்பளம் கொடுத்தது தீப்பெட்டி.

வெம்பக்கோட்டையில் சற்று இளைப்பாறலாம். வைப்பாற்றின் குறுக்கே அணை இருக்கிறது. தண்ணீர் நிற்கும் மாதங்களில் நாரை, நீர்க்காகம், முக்குளிப்பான் எல்லாம் பார்க்கலாம். அருகே விஜயகரிசல்குளத்தில், ஆற்றின் வடகரையில், தமிழ்நாடு தொல்லியல் துறை 2022 மார்ச் மாதம் அகழாய்வைத் தொடங்கியது. மண்ணுக்குள்ளிருந்து கண்ணாடி மணிகளும் சங்கு வளையல்களும் குவியலாகக் கிடைத்தன. கடலில்லாத ஊரில் சங்கு ஏது? வைப்பாறு கிழக்கே ஓடி மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. சங்கு விளைவது அங்கே. கடற்கரைக்கும் இந்த ஊருக்கும் இடையே ஆட்களும் பொருள்களும் போய்வந்த வழி மிகப் பழையது.

சிவகாசியைத் தாண்டி மேற்கே திரும்பியதும் சைக்கிள் கனப்பது போலத் தோன்றும். ஏற்றம் என்று நினைப்பீர்கள். ஏற்றம்தான், ஆனால் மிகச் சிறியது. சாத்தூர் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 60 மீட்டர். ஸ்ரீவில்லிபுத்தூர் சுமார் 140 மீட்டர். நாற்பது கிலோமீட்டரில் 80 மீட்டர், அதாவது ஆயிரத்துக்கு இரண்டு. சைக்கிளும் நீங்களும் சேர்ந்து 65 கிலோ என்றால், இந்த ஏற்றம் உங்களைப் பின்னால் இழுக்கும் விசை 1.3 நியூட்டன் மட்டுமே. டயரின் உருளல் தடை சுமார் 5 நியூட்டன். மணிக்கு 14 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் போனால், அசையாத காற்றின் தடை இன்னொரு 5 நியூட்டன். மொத்தம் 11. வேகத்தோடு பெருக்கினால் 45 வாட் சக்தி வேண்டும். இதை நீங்கள் வெகுநேரம் கொடுக்கலாம்.

இப்போது ஆடி மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரே மேல்காற்று நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வீசுகிறது. காற்றைப் பொறுத்தவரை உங்கள் வேகம் 4 அல்ல, 9. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 16 இருந்த இடத்தில் 81; ஐந்து மடங்கு! 5 நியூட்டன் 25 ஆகிவிடுகிறது. அதே வேகத்தில் போக இப்போது 120 வாட்டுக்கு மேல் வேண்டும். அம்மியே பறக்கும் என்பார்களே, அந்தக் காற்றில் மிதித்துப் போவது சாமானியம் அல்ல. தையில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து மெதுவாக வருவதால் முதுகில் கை வைத்துத் தள்ளும். ஆடியில்தான் போவேன் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு ஒரு யோசனை: விடியற்காலையில் மேற்கே போங்கள், பிற்பகலில் கிழக்கே திரும்புங்கள். இரவில் தரை குளிர்ந்து, மேலே ஓடும் வேகக்காற்று கீழே இறங்காமல் இருக்கும். வெயில் ஏறித் தரை சூடானதும் காற்று மேலும் கீழும் கலந்து, வேகம் தரைக்கு வந்துவிடும்.

ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டினால் காட்சி மாறும். மாந்தோப்பு, தென்னந்தோப்பு, ஓடை, புளியமரங்கள். அதற்கப்பால் மலை. 1988-ல் இந்த மலைப்பகுதி ஒரு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. யானைக்காகவோ புலிக்காகவோ அல்ல, ஓர் அணிலுக்காக! சாம்பல் நிற மலை அணில் என்பது பெயர். நம் வீட்டுக் கூரையில் ஓடும் மூவரி அணிலை நினைக்காதீர்கள். இது மூக்கிலிருந்து வால் நுனி வரை முக்கால் மீட்டர் இருக்கும். வால் மட்டும் அதில் பாதி. உடலில் சாம்பல் நிற மயிரில் வெள்ளை தூவினாற்போல நரை தெரியும்.

இந்த அணில் தரைக்கு வருவது மிக அபூர்வம். உண்பது, உறங்குவது, குட்டி வளர்ப்பது எல்லாம் மர உச்சியில். சுள்ளியும் இலையும் சேர்த்துப் பந்து போலக் கூடு கட்டுகிறது. அதையும் எந்த மரத்திலாவது கட்டிவிடாது. பக்கத்து மரங்களின் கிளைகள் வந்து தொடுகிற மரமாகப் பார்க்கும். கழுகு வந்தால் தப்பி ஓட வழி வேண்டுமே! கிளைக்குக் கிளை பாயும்போது நீண்ட வால் சமநிலை தருகிறது. கயிற்றின் மேல் நடப்பவர் கையில் பிடிக்கும் கோலைப் போல. ஆக, இந்த அணிலுக்குக் காடு என்பது மரங்களின் எண்ணிக்கை அல்ல. மரங்கள் ஒன்றையொன்று தொடுவது. நூறு மரம் இருந்தும் நடுவே அகலச் சாலை போட்டுவிட்டால் அதன் காடு இரண்டாக அறுந்துவிடும். சாலையோரப் புளியமரங்கள் மேலே கைகோத்து நிற்குமிடத்தில் சைக்கிளை நிறுத்தி அண்ணாந்து பாருங்கள். நமக்கு அது நிழல், அணிலுக்குப் பாலம். வால்பாறையில் சிங்கவால் குரங்குகளுக்காகச் சாலையின் குறுக்கே, மரத்துக்கு மரம் செயற்கைப் பாலங்கள் கட்டியிருக்கிறார்கள். குரங்குகளும் அவற்றைப் பயன்படுத்துகின்றன. இருந்தாலும் நூறு வயதுப் புளியமரம் இலவசமாகத் தருகிற பாலத்துக்கு அது ஈடாகுமா என்பது என் சந்தேகம்.

இந்த அணில் தமிழ்நாட்டிலும் கேரள, கர்நாடக எல்லைப்புறங்களில் சில இடங்களிலும் மட்டும் வாழ்கிறது. பிறகு இலங்கையில்! தரைக்கே இறங்காத பிராணி கடலை எப்படித் தாண்டியது? தாண்டவில்லை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல் தண்ணீரில் ஒரு பங்கு நிலத்தின் மேல் பனிப்பாளமாக உறைந்திருந்ததால் கடல்மட்டம் 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. பாக் நீரிணையோ ஆழமற்றது. அன்று அது நிலம். கடல் பிறகு வந்து இரு பக்கத்து அணில்களையும் பிரித்தது.

2021 பிப்ரவரியில் இந்தச் சரணாலயமும் மேகமலையும் சேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகமாயின. பரப்பு 1,016 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம். நம் சைக்கிள் வழியின் இரண்டு முனைகளும் ஒரே மாதத்தில் செய்தித்தாளில் வந்தன. ஒரு முனை துக்கச் செய்தியாக.

இரண்டு முனைகளையும் சாலைக்கு முன்பே இணைத்து வைத்தது தண்ணீர்தான். இந்த மலைகளில் பெய்யும் மழையே ஓடைகளாகி வைப்பாற்றுக்கும் அர்ச்சுனா நதிக்கும் போகிறது. இரண்டும் சாத்தூருக்கு அருகே இருக்கன்குடியில் கூடுகின்றன. மழையை மறைக்கும் மலையே, தான் பிடித்ததில் ஒரு பங்கை ஆற்றின் வழியே இந்தப் பக்கம் அனுப்புகிறது. மர வேரும் சருகும் மழைநீரைப் பிடித்து மெதுவாக விடுவதால் ஓடை பல நாள் ஓடும். மரம் போனால் ஒரே நாளில் வெள்ளமாக வந்து, மறுநாள் மணல் தெரியும். அச்சங்குளத்துப் பக்கத்துப் பருத்திக்காட்டுக்காரர் மலை அணிலைப் பார்த்தே இருக்கமாட்டார். ஆனாலும் இருவருக்கும் வேண்டியது அதே மரங்கள்தாம்.

அடிவாரத் தோப்புக்காரர்களின் நிலை வேறு. மாம்பழத்தை அணில் கொறிக்கிறது, அதைக்கூடப் பொறுக்கலாம். இரவில் யானை வந்து தென்னங்கன்றைப் பிடுங்கிப் போட்டால் பல வருஷ உழைப்பு போகிறது. அவர்களிடம் போய் "வனவிலங்கைக் காப்பாற்றுங்கள்" என்று உபதேசம் செய்ய நமக்குத் தகுதி இல்லை. நேர்ந்த சேதத்தைப் பற்றிக் கேளுங்கள். எந்த மாதத்தில், எந்தப் பக்கத்திலிருந்து யானை வந்தது என்று சொல்வார்கள். அதைவிட நல்ல பாடம் புத்தகத்தில் கிடைக்காது.

காட்டுக்குள் சைக்கிளோடு நுழையக் கூடாது. வனத்துறைச் சோதனைச்சாவடியில் அனுமதி பெற்று, அவர்கள் சொல்கிற இடம் வரை நடந்து போகலாம். காட்டுத்தீ அபாயமுள்ள கோடையில் அனுமதி கிடைக்காமலும் போகலாம். செண்பகத்தோப்பில் அணிலைத் தேட ஓர் உபாயம்: கண்ணை மரத்தில் வைப்பதற்கு முன் காதைத் தீட்டுங்கள். கொறித்துப் போட்ட புளியங்காய்த் தோடு சருகின் மேல் விழும் சத்தம் கேட்டால், நேர் மேலே பாருங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துப் போகச் சொல்ல மறக்கமாட்டேன். தூரத்தை அளக்கச் சைக்கிளே போதும். சக்கரத்தின் சுற்றளவை நூலால் அளந்துகொள்ளுங்கள். அது 2.2 மீட்டர் என்றால், 454 சுற்று ஒரு கிலோமீட்டர். ஒவ்வொரு கிலோமீட்டரிலும் மின்கம்பியில் எத்தனை பனங்காடை, எத்தனை கரிச்சான், சாலையில் அடிபட்டுக் கிடந்தவை என்னென்ன என்று எழுதுங்கள். அடிபட்டவற்றில் பாம்பு அதிகம் இருக்கும். சூரியன் மறைந்த பிறகும் தார்ச்சாலை சூட்டை விடாமல் வைத்திருப்பதால், உடம்பைச் சூடேற்றிக்கொள்ள அவை அங்கே வந்து படுக்கின்றன. தமிழ்நாட்டில் 2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். இ-பேர்டு என்னும் இணையக் குறிப்பேட்டில் உங்கள் எண்களைச் சேர்க்கலாம். அடுத்த தையிலும் அதே சாலையில் போய் எண்ணுங்கள். ஒரு வருஷத்துக் கணக்கு ஒன்றும் சொல்லாது. ஐந்து வருஷத்துக் கணக்கு பேசும்.

பிற்பகல் நான்கு மணிக்கு மேல் அடிவாரத்தில் தங்காதீர்கள். அது யானைகள் தோப்புப் பக்கம் இறங்கத் தொடங்கும் நேரம். சத்தமில்லாத சைக்கிளும் சத்தமில்லாத யானையும் ஒரு திருப்பத்தில் சந்திப்பது இருவருக்கும் நல்லதல்ல.